இருபத்தைந்து பேருக்குப் பங்கு

கரைவலையின் மடி மணலில் ஏறிய பிறகு ஒரு கால் மணி நேரம் இருக்கிறது, சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்த நேரம்தான் பிடிக்கும். கயிறு இழுத்த உள்ளங்கைகள் சிவந்து போயிருக்கும். சூடையும் காரலும் குவியலாகக் கிடந்து மினுங்கும். ஏலத்துக்குப் போக வேண்டியது கூடை கூடையாகப் போய்விடும். கறிக்கு என்று ஒதுக்கிய மீனை மட்டும் என் சித்தப்பா குந்தி உட்கார்ந்து ஆள் கணக்கில் பிரிப்பார். எண்ணத் தொடங்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்பார். அப்புறம்தான் ரெண்டு, மூணு எல்லாம்.

பிரித்து முடித்தால் அநேகமாக இரண்டோ மூன்றோ மிஞ்சும். அந்த மிச்சம் யாருக்கு என்பதை அவர்தான் முடிவு செய்வார். ஒருநாள் இழுக்க முடியாமல் இழுத்த வயசாளிக்குப் போகும், இன்னொரு நாள் புதிதாகக் கயிறு பிடிக்க வந்த பையனுக்குப் போகும். யாரும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் வேதாளைப் பக்கம். சாயங்காலம் திண்ணையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வகுத்தல் வந்தால் எனக்குக் கரைவலைதான் எடுத்துக்காட்டு. 'மீதி' என்றால் என்ன என்று இந்தக் கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மீதியே வராத பங்கு எப்போதாவதுதான் வாய்க்கும் என்பதும் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால்தான் கீழே இருக்கும் எண்ணை அவர்களிடம் கொண்டுபோனேன். சில மாதங்களாக என் மனசில் உட்கார்ந்திருக்கும் எண் இது.

3608528850368400786036725

இருபத்தைந்து இலக்கம். நம் கணக்கில் வாசித்தால் மூவாயிரத்து அறுநூற்று எட்டுக் கோடி கோடி கோடிக்குச் சற்று மேல். இதைவிடப் பெரிய எண்களை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் போதும். இதன் அருமை அளவில் இல்லை. இடது பக்கத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாகத் திறந்து பார்க்க வேண்டும்.

முதல் நாள் ஓர் ஆள், மூன்று மீன். இரண்டாம் நாள் இரண்டு ஆள், 36 மீன், தலைக்கு 18. மூன்றாம் நாள் மூன்று பேர், 360 மீன், தலைக்கு 120. நான்காம் நாள் 3608, நான்கு பேருக்குத் தலா 902. ஐந்தாம் நாள் 36085, தலா 7217. ஆறாம் நாள் 360852, தலா 60142. ஒவ்வொரு நாளும் ஓர் ஆள் கூடுகிறார். ஒவ்வொரு நாளும் முந்தின நாள் மீனின் பத்து மடங்கு வருகிறது, அதோடு ஒரு கை மீன் சேருகிறது. அந்தக் கைமீன் பூஜ்யத்திலிருந்து ஒன்பதுக்குள் எதுவாகவும் இருக்கலாம். எல்லா நாளும் மிச்சமில்லாமல் பங்கு பிரிய வேண்டும். அது ஒன்றுதான் விதி. இப்படி 25 நாள் வரை, 25 பேர் வரை, ஒரு மீன்கூட மிஞ்சாமல் போகிற எண் இது.

இந்த வகை எண்களை ஆங்கிலத்தில் பாலிடிவிசிபிள் என்கிறார்கள். என் திண்ணையில் 'பங்கு எண்' என்று பெயர் வைத்துவிட்டோம்.

எனக்கே இந்தக் குடும்பம் அறிமுகமானது ஒரு சின்ன எண் வழியாகத்தான். 1 முதல் 9 வரை எல்லா இலக்கங்களையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி ஒரு பங்கு எண் எழுத முடியுமா என்று ஒரு பழைய புதிர் உண்டு. விடை ஒன்றே ஒன்றுதான்: 381654729. இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடலாம், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். பூஜ்யம் இல்லாததால் ஐந்தாம் இடத்தில் 5 தவிர வேறு எதுவும் வராது. இரட்டைப்படை இடங்களில் இரட்டை எண்கள்தான் உட்கார முடியும், ஆகவே ஒற்றை இடங்களில் ஒற்றை எண்கள். நான்காம் இடத்தில் 2 அல்லது 6 மட்டுமே பொருந்தும். எட்டாம் இடத்துக்கும் அதே நிலைமை. இப்படி ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்தால் கடைசியில் 7-ஆல் வகுக்கிற சோதனை மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைக்கும். ஒரு பெண் அன்றைக்கு விடையை எழுதிவிட்டு, "டீச்சர், இதுக்கு அங்கிட்டும் போகலாமா?" என்று கேட்டாள். அங்கிட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று தேடிப் போனபோதுதான் இந்த இருபத்தைந்து இலக்கப் பெரியவர் கிடைத்தார்.

முதலில் சரிபார்க்கலாம் என்று கணினியில் ஒரு கணக்குத் தாளில் எண்ணைத் தட்டினேன். அது முதல் 15 இலக்கங்களை வைத்துக்கொண்டு மீதி பத்தையும் பூஜ்யமாக்கிவிட்டது. அந்த மாதிரி மென்பொருள்கள் எண்களை 15 இலக்கத் துல்லியத்தில்தான் வைத்துக்கொள்ளும். பெரிய எண்களைக் கையாளத் தனியாக நிரல்கள் இருக்கின்றன, எனக்கு அவை பழக்கமில்லை. சரி, நோட்டை எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தது நல்லதாகப் போயிற்று. நோட்டில் போட்டதால்தான் இந்த எண் எனக்குச் சொந்தமானது.

பெரும்பாலான படிகள் சுலபம். 8-க்கு முதல் எட்டு இலக்கத்தில் கடைசி மூன்றைப் பார்த்தால் போதும்: 288. 9-க்கு முதல் ஒன்பது இலக்கங்களைக் கூட்டினால் 45. 10-ஆம் இடத்தில் பூஜ்யம். 16-க்கு முதல் பதினாறு இலக்கத்தில் கடைசி நான்கு 8400, அது 16 முறை 525. சிரமம் கொடுப்பவை 7, 13, 17, 19, 23 ஆகிய பகா எண்கள். அவற்றில் 13-ஐ எப்படிப் பார்த்தேன் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது கையிலேயே போடக்கூடிய மிக அழகான வழி.

7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001 வரும். அதாவது ஆயிரம் என்பது 13-இன் ஒரு மடங்குக்கு ஒன்று குறைவு. ஆகவே 13-இன் கண்ணில் ஆயிரம் என்றால் கழித்தல் ஒன்று, பத்து லட்சம் என்றால் கூட்டல் ஒன்று, அதற்கடுத்த ஆயிரம் மடங்கு மறுபடி கழித்தல் ஒன்று. எண்ணை வலது பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போனால் போதும். நம் எண்ணின் முதல் பதின்மூன்று இலக்கம் 3608528850368. வெட்டினால் 3, 608, 528, 850, 368. வலமிருந்து போடுவோம்: 368-இல் 850 போனால் கழித்தல் 482. 528 கூட்டினால் 46. 608 போனால் கழித்தல் 562. 3 கூட்டினால் கழித்தல் 559. இப்போது 13-ஐ 43-ஆல் பெருக்கிப் பாருங்கள், 559. மூன்றரை லட்சம் கோடிக்கு மேல் இருக்கிற ஒரு தொகை பதின்மூன்று பேருக்கு ஒரு மீன் மிஞ்சாமல் பிரிகிறது. அதை உறுதிப்படுத்த எனக்கு ஆனது நோட்டில் ஐந்து வரி. இதே வெட்டு 7-க்கும் 11-க்கும் செல்லும் என்பதால் 14, 21, 22 ஆகிய படிகளும் இதிலேயே முடிந்துவிடும்.

17, 19, 23 மூன்றுக்கும் நீள் வகுத்தல்தான் போட்டேன். 17-ஆம் படியில் கடைசி 7-ஐ இறக்கும்போது கையில் இருந்த மீதி 1. ஒன்றுக்குப் பக்கத்தில் ஏழு சேர்ந்து 17 ஆகி, சுத்தமாகப் போனது. அந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அடுத்த வீட்டு மிக்ஸி சத்தம் நின்று போனது மாதிரி ஓர் அமைதி.

இப்போது விசித்திரமான ஒன்று. முழு எண்ணையும் எடுத்துக்கொண்டு, 1 முதல் 25 வரை எந்தெந்த எண்கள் இதை வகுக்கும் என்று பாருங்கள். 1, 5, 25. அவ்வளவுதான். ஒற்றைப்படை எண் என்பதால் 2 போயிற்று. இலக்கங்களைக் கூட்டினால் 110, ஆகவே 3-ம் போயிற்று. 7-ஆல் வகுத்தால் மீதி 5, 11-ஆல் 10, 13-ஆல் 9. வழியில் ஒவ்வொருவருக்கும் குறையில்லாமல் கொடுத்துவிட்டு வந்த எண், கடைசியில் நிற்கும்போது தன் 25 பேருக்கும் அதன் உறவான 5-க்கும் மட்டும்தான் பிரிகிறது. தலைக்கு எவ்வளவு என்று கேட்டால் 144341154014736031441469.

இலக்கங்களையும் பாருங்கள். 1 எங்கும் இல்லை, 9-ம் இல்லை. பூஜ்யம் ஐந்து முறை, 8 ஐந்து முறை வருகின்றன. 4 ஒரே ஒரு முறை, பதினான்காம் இடத்தில். இவற்றுக்குப் பின்னால் பெரிய காரணம் எதையும் நான் தேடவில்லை. ஆனால் இரட்டைப்படை இடங்களில் எல்லாம் இரட்டை எண்களே இருப்பதற்கும், ஒவ்வோர் ஐந்தாம் இடத்திலும் 5 அல்லது பூஜ்யம் இருப்பதற்கும் காரணம் நேராகத் தெரிகிறது. பங்கு அப்படிக் கேட்கிறது.

இந்த எண் ஒரு தனி மரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் இலக்கப் பங்கு எண்கள் ஒன்பது. இரண்டு இலக்கத்தில் 45. மூன்றில் 150, நான்கில் 375, ஐந்தில் 750. ஒன்பது இலக்கத்தில் 2492. பத்திலும் அதே 2492, ஏனென்றால் பத்தாம் இடத்தில் பூஜ்யம் தவிர வேறு எதுவும் வர முடியாது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பூஜ்யம் கிடைத்துவிடும். அதுதான் உச்சி. அதற்குப் பிறகு இறக்கம். பதினொன்றில் 2225, பன்னிரண்டில் 2041, பதினைந்தில் 770, பத்தொன்பதில் 90, இருபதில் 44, இருபத்திரண்டில் 12, இருபத்துமூன்றில் 6, இருபத்துநான்கில் 3. இருபத்தைந்தில் ஒன்று. முதல் எண்ணிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால் இந்தக் குடும்பத்தில் மொத்தம் 20456 பேர். அதற்குமேல் ஒருவரும் இல்லை, எத்தனை இலக்கம் வரை தேடினாலும்.

பத்து வரை ஏறி, பத்துக்குப் பிறகு இறங்குவது ஏன் என்று யோசித்தால் நம் கைதான் காரணம் என்று தெரியும். கைமீனுக்குப் பத்து வாய்ப்பு இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை. ஆள் பத்துக்குள் இருக்கும்வரை ஏதாவது ஒரு கைமீன் நிச்சயமாகச் சரிக்கட்டிவிடும். பதினோராவது ஆள் வந்ததும் தேவை பத்தாக இருந்துவிட்டால் கொடுக்க வழியில்லை. ஆள் கூடக் கூட, கையால் எட்ட முடியாத தேவைகளும் கூடும். பத்துக்குப் பதிலாக வெறும் இரண்டு இலக்கங்களை வைத்து எண்ணுகிற இரும முறையில் இந்த ஆட்டம் இரண்டாம் நாளே முடிந்துவிடும். மூன்றாம் நாள் 4 மீன் அல்லது 5 மீன்தான் வரும், மூன்று பேருக்கு இரண்டுமே பிரியாது.

19-இலிருந்து 20-க்குப் போகும்போது 90 என்பது 44 ஆகக் குறைகிறது அல்லவா, கிட்டத்தட்டப் பாதி. 20-ஆல் வகுபட வேண்டுமென்றால் கடைசியில் பூஜ்யம், அதற்கு முன் இரட்டை எண். பத்தொன்பதாம் இலக்கம் ஒற்றையாக அமைந்த எண்கள் எல்லாம் அந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. இருபத்துநான்கில் நின்ற மூன்று எண்களுக்கும் இதே கதைதான். 25-ஆல் வகுபடக் கடைசி இரண்டு இலக்கம் 00, 25, 50, 75 இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். இருபத்துநான்காம் இடம் இரட்டை எண் என்பதால் 50-ம் 75-ம் வெளியே. ஆகவே அந்த இடத்தில் 0 அல்லது 2 இருந்தவர் மட்டும் தாண்டலாம். நம் எண்ணுக்கு அங்கே 2 இருந்தது. மற்ற இரண்டுக்கும் இல்லை.

எதிர்பார்ப்பு என்று ஒரு தோராயக் கணக்கும் போடலாம். 25 இலக்க எண்கள் எத்தனை உண்டோ அதை 1, 2, 3 என்று 25 வரை எல்லாவற்றாலும் வகுத்தால், அந்த நீளத்தில் எத்தனை பங்கு எண்கள் இருக்கலாம் என்று ஒரு மதிப்பு வரும். பத்து இலக்கத்துக்கு அந்த மதிப்பு 2480, உண்மையில் இருப்பது 2492. அவ்வளவு நெருக்கம். 25 இலக்கத்துக்கு 0.58. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்கிற இடம். அங்கே ஒன்று இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு அந்த எண்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

இவ்வளவு பெரிய எண்ணை மனசில் எங்கே வைப்பது என்று பிள்ளைகள் கேட்டார்கள். கோடி கோடி கோடி என்றால் காதில் விழுமே தவிர கண்ணில் தெரியாது. நம் பழைய ஆட்கள் பெரிய எண்களுக்கு வைத்த பெயர்கள் என்ன தெரியுமா? பரிபாடலில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. நெய்தல் என்பது நம் நிலம். சங்கம் என்பது கீழக்கரைக்காரர்கள் மூச்சடக்கி மூழ்கி எடுத்த சங்கு. எண்ண முடியாத அளவுக்குப் பெயர் வேண்டும் என்றபோது அவர்களுக்குத் தண்ணீரும் தண்ணீரில் கிடப்பதும்தான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

நானும் தண்ணீரிடமே போனேன். தனுஷ்கோடியில் கடலுக்கு எட்டுகிற தூரத்தில் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். ஊற்று என்போம். சிரட்டையால் மெதுவாக, கலங்காமல் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். சரி, ஒரு சிரட்டைத் தண்ணீரில் எத்தனை மூலக்கூறு இருக்கும்? 18 கிராம் தண்ணீரில் ஏறக்குறைய 6.022 பெருக்கல் பத்தின் 23 அடுக்கு. அவகாட்ரோ எண் என்று பதினொன்றாம் வகுப்பில் படிப்போமே, அதேதான். 2019-இல் அதை 6.02214076 என்று மாறாத மதிப்பாக நிர்ணயித்துவிட்டார்கள். நம் எண் அதைப் போல ஆறு மடங்குக்கு ஒரு துளி குறைவு. ஆக, 108 கிராம் தண்ணீர். ஒரு நடுத்தரச் சிரட்டை கொள்கிற அளவு.

அடுத்த முறை அப்பத்தாவுக்குத் திதி கொடுக்க அந்தப் பக்கம் போனபோது, ஊற்றில் ஒரு சிரட்டை மொண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மேலே வெயில், பின்னால் இரண்டு கடலும். மூவாயிரத்து அறுநூற்று எட்டுக் கோடி கோடி கோடி என்பது என் உள்ளங்கையில் கொஞ்சம் சில்லென்று இருந்தது. குடித்தேன். இனிப்பாக இருந்தது.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? அவர் இப்போது கயிறு பிடிப்பதில்லை, வலை பொத்துகிறார். கட்டிலில் உட்கார்ந்து ஊசியில் நூல் ஏற்றிக்கொண்டே கேட்டார். கைமீன் விதியை ஒரே தடவையில் புரிந்துகொண்டார். 17-ஆம் ஆள் வரைக்கும் தலையாட்டினார். 20456 குடும்பம் என்றதும் ஊசியை நிறுத்தினார்.

"ஏத்தா, அத்தனையில இது ஒண்ணுதான் இருபத்தஞ்சு வரைக்கும் வந்துச்சா?"

"ஆமா சித்தப்பா."

"இருபத்தாறாவது ஆளு வந்தா?"

அதையும் போட்டுப் பார்த்திருந்தேன். அந்தக் கணக்குதான் என்னை ரொம்ப நேரம் தூங்கவிடாமல் வைத்திருந்தது. 26-ஆல் வகுபட 13-ஆலும் 2-ஆலும் வகுபட வேண்டும். 13-க்கு மட்டும் என்றால் கைமீன் ஒன்று போதும், சரியாகப் பொருந்தும். ஆனால் ஒன்று போட்டால் எண் ஒற்றைப்படையாகிவிடும், 2 தடுத்துவிடும். இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டுமானால் 14 வேண்டும். அது ஒரு கைக்குள் அடங்காது. இதைவிட நீளமான பங்கு எண் ஒன்று எங்காவது இருந்தால் அதன் முதல் 25 இலக்கம் இந்த எண்ணாகத்தான் இருந்தாக வேண்டும், 25 இலக்கத்தில் இது ஒன்றுதானே உண்டு. இது நின்றுவிட்டால் எல்லாமே நின்றுவிட்டது.

"பதினாலு மீன் சேத்துப் போடணும் சித்தப்பா. ஒம்பதுக்கு மேல போட நமக்கு உரிமை இல்ல."

"ஒண்ணுமே போடாட்டி எத்தனை மிஞ்சும்?"

"பன்னெண்டு."

அவர் கொஞ்ச நேரம் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் ஏதோ எண்ணுகிற மாதிரி இருந்தது.

"அந்தப் பன்னெண்ட யாருக்குக் குடுப்பீக?" என்று கேட்டேன்.

"அந்த இருபத்தாறாவது ஆளு யாருத்தா," என்றார், "வயசாளியா, பையனா?"